தாம்பரம் வேண்டாம், திருச்சி வேண்டாம், மதுரை வேண்டாம்: தென்காசிக்கு வழி உண்டா?

24 செப்டம்பர் 2025, காலை (கேள்வி)

போரூரில் இருக்கிறோம். தீபாவளிக்குத் தென்காசி போக வேண்டும். அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கிளம்பலாம் என்று எண்ணம். காரில் நான், மனைவி, மூன்று வயதுப் பையன், சர்க்கரை உள்ள அப்பா. போன வருடம் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு தாண்டவே நாலு மணி நேரம் ஆனது. அப்பா பட்ட பாடு சொல்லி மாளாது. பெரிய ஊர் எதையும் தொடாமல் போக வழி இருக்கிறதா? கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. அந்தப் பக்கம் அடிக்கடி போகிற அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

24 செப்டம்பர், இரவு

இருக்கிறது. ஆனால் மூன்று ஊரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி. தாம்பரம் வியாதி. மதுரை தலைவலி. திருச்சி வெறும் பயம். நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

25 செப்டம்பர்

நானும் போரூர்க்காரன்தான், முகலிவாக்கம். ஊர் சுரண்டை. 2007 முதல் வருடத்துக்கு மூன்று முறையாவது காரில் போய் வருகிறேன். கிளம்பிய நேரம், செங்கல்பட்டு தாண்டிய நேரம், திருச்சி தாண்டிய நேரம், வீட்டு வாசலில் இறங்கிய நேரம் எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பேன். வீட்டில் அதைக் 'கணக்குப்பிள்ளை நோட்டு' என்பார்கள். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

620 கிலோமீட்டரில் பண்டிகைக் கூட்டம் உண்மையில் கழுத்தைப் பிடிப்பது முதல் 50 கிலோமீட்டரில்தான். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர் சுங்கச்சாவடி. சாதாரண நாளில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு முக்கால் மணி நேரம். என் நோட்டில் 2014 பொங்கல்: தாம்பரம் மாலை 6.30, செங்கல்பட்டு இரவு 10.40. அந்தப் பக்கத்தில் காப்பிக் கறை வேறு.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு கூட்டம் குறையும் என்றார்கள். குறையவில்லை, இடம் மாறியது. முன்பு பெருங்களத்தூரில் நின்ற கார்கள் இப்போது வண்டலூர் தாண்டி நிற்கின்றன.

போரூர்க்காரர்கள் விழுகிற பொறி ஒன்று உண்டு. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறினால் ஜாலியாகத்தான் இருக்கும், எங்கும் சிக்னல் இல்லை. ஆனால் அது இறக்கிவிடும் இடம் வண்டலூர், அதாவது சரியாகப் புலியின் வாய். உயிரியல் பூங்காவைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அரசே அறிவிக்கிறது: காரில் போகிறவர்கள் தாம்பரம், பெருங்களத்தூர் வழியைத் தவிர்த்து, பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போங்கள், அல்லது ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போங்கள். அடையாறு, வேளச்சேரிக்காரர்களுக்கு முதல் வழி. நமக்கு இரண்டாவது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் என்று போனால் பரனூருக்கு முன்பே நெடுஞ்சாலையில் விழுந்துவிடுவோம். பாதி மருந்துதான்.

முழு மருந்து இது: போரூர், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத், பழையசீவரம், பாலாற்றைத் தாண்டி திருமுக்கூடல், சாலவாக்கம், உத்திரமேரூர், வந்தவாசி, திண்டிவனம். பரனூரும் கிடையாது, ஆத்தூர் சுங்கச்சாவடியும் கிடையாது. சுமார் 30 கிலோமீட்டர் கூடுதல்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை வேண்டாம். மெட்ரோ வேலை எந்த நாளில் எந்தப் பக்கத்தை அடைக்கும் என்று ஜோசியம் பார்த்தாலும் தெரியாது.

25 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

பழைய மாமல்லபுரம் சாலையில் சுங்கம் கட்ட வேண்டுமே என்று ஒருவருக்குத் தனிச்செய்தியில் பதில் போட்டிருந்தேன். தவறு. நாவலூர் வசூல் 2023 அக்டோபரிலேயே நின்றுவிட்டது, மற்ற சாவடிகள் அதற்கும் முன்பே 2021-இல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில்தான் இன்னும் கட்ட வேண்டும். நான் அந்தப் பக்கம் போய் எத்தனை காலம் ஆயிற்று என்பது இதிலேயே தெரிகிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

வாயால் சொன்னால் போதாது என்று இன்று காலை ஓட்டியே பார்த்துவிட்டேன். வீட்டில் உத்திரமேரூர் கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி அழைத்துப் போனேன். பொய்யில்லை, கோயிலுக்கும் போனோம்.

முகலிவாக்கம் காலை 6.15. ஒரகடம் 7.05. வாலாஜாபாத் 7.30. ஒரகடத்தில் சாலை அகலம், ஆள் இல்லை, கிரிக்கெட் ஆடலாம். பழையசீவரத்திலிருந்து திருமுக்கூடல் பாலம் ஏறினால் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததை, வைத்தியர் சம்பளம், மருந்துப் பெயர் வரை சொல்கிறது. தம்பி, அப்பா இந்த வழியில் பத்திரமாகத்தான் இருப்பார்.

எச்சரிக்கை ஒன்று. பாலம் தாண்டியதும் கல்குவாரி டிப்பர்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் பத்துப் பன்னிரண்டு எதிரே வந்தன. சாலையின் ஓரத்தை அவை கரும்பு மாதிரிக் கடித்து வைத்திருக்கின்றன. இருட்டில் எதிரே டிப்பர் வந்தால் ஓரம் ஒதுங்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒதுங்கினால் டயர் போகும்.

திண்டிவனம் 9.25. கோயிலில் செலவான 40 நிமிடம் போக இரண்டரை மணி நேரம். பண்டிகை நாளில் இது தங்கம்.

3 அக்டோபர்

ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம் எப்படி இருந்தது என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். நான் எங்கும் போகவில்லை. காருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன்.

திருச்சிக்கு வருவோம். சமயபுரம் சுங்கம் தாண்டியதும் புறவழிச்சாலை கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலத்தில் கடந்து பால்பண்ணை, மன்னார்புரம் ஓரமாகப் பஞ்சப்பூருக்குப் போகிறது. நகரத்துக்குள் போகவே வேண்டாம். பஞ்சப்பூர் பேருந்து முனையம் இந்த வருடம் திறந்த பிறகு அங்கே கொஞ்சம் நெரிசல் உண்டு, பத்து நிமிடம் போகும். அவ்வளவுதான்.

திருச்சியையே தவிர்க்க ஒருமுறை புத்திசாலித்தனம் செய்தேன். 2019 மே மாதம். பெரம்பலூரில் பிரிந்து துறையூர், முசிறி, காவிரிப் பாலம், குளித்தலை, மணப்பாறை, திண்டுக்கல். வரைபடத்தில் அழகான கோடு. மாமனார் முன்சீட்டில் இருந்தார். துறையூர் தாண்டி ஓர் ஊரில் அம்மன் கோயில் தேர். ஊரே சாலையில். தேர் நகர்ந்தால்தான் நாங்கள் நகர முடியும். மாமனார் இறங்கிப் போய் வடம் பிடித்துவிட்டு, நீர்மோர் குடித்து, துண்டில் பிரசாதத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். அப்புறம் குளித்தலை வரைக்கும் ஊருக்கு மூன்று வேகத்தடை, பாதிக்கு மேல் வெள்ளைக் கோடு கிடையாது. பின்சீட்டில் இருந்த என் மனைவி இன்றைக்கும் முதுகு பிடித்தால் "முசிறி" என்பாள்.

பெரிய ஊரில் ஒரு சிக்னல் 90 விநாடியில் பச்சையாகும். சின்ன ஊரில் தேர் எப்போது நகரும் என்பது அம்மனுக்குத்தான் தெரியும். சென்னை வாயைத் தவிர வேறெங்கும் கிளைச்சாலையில் புகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

4 அக்டோபர்

மதுரை. மேலூரிலிருந்து வருகிறவர்களுக்கு உத்தங்குடியில் தொடங்கும் சுற்றுச்சாலை, கப்பலூர் வரை 27 கிலோமீட்டர், இப்போது நான்குவழி. வழியில் மாட்டுத்தாவணி, வண்டியூர், விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர். அதிகாலை ஐந்துக்கு அரை மணியில் முடியும். காலை ஒன்பதுக்குப் போனால் மதுரை மொத்தமும் அந்தச் சாலையில் தான் டிபன் சாப்பிடப் போகிறது.

மாற்று இருக்கிறது. திருச்சியிலேயே திண்டுக்கல் சாலையைப் பிடித்து மணப்பாறை, திண்டுக்கல், வாடிப்பட்டி, சமயநல்லூர், நாகமலை புதுக்கோட்டை, கப்பலூர். முழுக்க நான்குவழி. மதுரைக்கு மேற்கே ஒதுங்கிப் போகும், மாட்டுத்தாவணி கண்ணிலேயே படாது. 20 கிலோமீட்டர் வரை கூடும். பகலில் மதுரையைத் தொட வேண்டிவந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். மணப்பாறை முறுக்கு இலவச இணைப்பு. இலவசம் என்றால் காசு கொடுத்துத்தான்.

நத்தம் வழி கேட்டவருக்கு: துவரங்குறிச்சியில் பிரிந்து நத்தம் வழியாக வருகிற சாலை பிரமாதம். கடைசியில் 7 கிலோமீட்டர் சொச்சம் மேம்பாலம் வேறு, 2023-இல் திறந்தது. ஆனால் அது இறங்கும் இடம் தல்லாகுளம் பக்கம், ஊரின் நடு வயிறு. மதுரைக்குப் போகிறவர்களுக்கு வரம். மதுரையைத் தாண்டுகிறவர்களுக்கு வேண்டாம்.

6 அக்டோபர்

சுங்கக் கணக்கு. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. மதுரையைத் தொடும் முன்பே எட்டு. ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் காருக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது: இந்த வருடம் (2025) 3,000 ரூபாய், 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் தீருகிறதோ அது. ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் விழுகிறது. நான் முதல் வாரமே வாங்கிவிட்டேன். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும், மாநிலச் சாலையில் செல்லாது.

இதில் ஒரு வேடிக்கை. முன்பெல்லாம் சாவடியைத் தவிர்க்கச் சுற்றுவோம். இப்போது பாஸ் வாங்கியாயிற்றே, 200-ஐயும் தீர்க்க வேண்டுமே என்று மனம் நெடுஞ்சாலையை நோக்கி இழுக்கிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு மொய் எழுதிவிட்டு இரண்டாம் முறை பாயசம் கேட்கிற கதை.

9 அக்டோபர்

நோட்டை உட்கார்ந்து முழுசாகப் புரட்டினேன். 18 வருடம், ஐம்பத்துச் சொச்சம் பயணம். எந்த வழி என்பதை மறைத்துவிட்டு, கிளம்பிய நேரத்தை மட்டும் பார்த்தால் விஷயம் பல்லிளிக்கிறது. இரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் கிளம்பிய எல்லாப் பயணமும் பதினோரு மணி நேரத்துக்குள், அதுவும் நேர்வழியில், தாம்பரம் வழியாகவே. மாலை 5 முதல் 9-க்குள் கிளம்பியவை பதினான்குக்குக் குறையவில்லை, எந்த வழியாக இருந்தாலும்.

ஆக, தம்பி, வழியை விடுங்கள். நேரத்தை மாற்ற முடியுமா? வெள்ளி சாயங்காலத்துக்குப் பதில் சனி அதிகாலை 2 மணி. பையன் தூக்கத்திலேயே விழுப்புரம் தாண்டிவிடுவான். அப்பாவுக்கு மாத்திரை, இட்லி எல்லாம் எட்டு மணிக்குத் திருச்சியில்.

வெள்ளி ஏழு மணிக்குக் கிளம்பினால் உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் விடிகாலை 2, 3 மணிக்கு ஓட்ட வேண்டிவரும், நாள் முழுக்க வேலை பார்த்த கண்ணோடு. அந்த நேரத்தில் அங்கே போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். காரணமில்லாமலா செய்கிறார்கள்.

12 அக்டோபர்

செல்பேசி வரைபடத்தை நம்பலாமா என்று கேள்வி. நம்பலாம், கயிறு கட்டி. போரூரிலிருந்து தென்காசி என்று மட்டும் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு வழி மாற்றும். இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொல்லி நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஏரிக்கரையில் விடும். என்னை ஒருமுறை எள் காயப்போட்ட சாலையில் விட்டது. அந்த அம்மா, "வாங்க வாங்க, நாலு தடவை ஏத்துங்க, நல்லா உதிரும்" என்றார்.

நான் செய்வது: நடுவில் நான்கு ஊரை நிறுத்தங்களாகச் சேர்த்துவிடுவேன். உத்திரமேரூர், வந்தவாசி, உளுந்தூர்பேட்டை, திருச்சி பஞ்சப்பூர். அப்போது அதற்கு அலைபாய இடமில்லை. அப்புறம், கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள், உத்தேசமாகச் சொல்லும். பண்டிகை நாளுக்கு அந்த உத்தேசத்தோடு உங்கள் கையிலிருந்து இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் ஷிப்ட் பஸ்கள் உண்டே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் போனபோது ஒன்றையும் காணோம். சாலை ஆறு வண்டி அகலம், சமாளிக்கலாம்.

17 அக்டோபர், வெள்ளி, அதிகாலை 4.50

தொழுதூர் டீக்கடை. அம்மா, மனைவி, நான். முகலிவாக்கம் விட்டது 1.20. தாம்பரம் வழியாகவே வந்தேன், செங்கல்பட்டு 2.15. பரனூரில் இரண்டே வண்டிகள். மழை தூறல். டீ நன்றாக இல்லை.

17 அக்டோபர், மதியம்

கோவில்பட்டி. மதுரை சுற்றுச்சாலையை எட்டேகாலுக்குப் பிடித்தேன், பிடித்திருக்கக் கூடாது. திண்டுக்கல் வழி என்று உங்களுக்கெல்லாம் எழுதிய நானே திருச்சியில் தூக்கக் கலக்கத்தில் நேரே வந்துவிட்டேன். விரகனூர் ரவுண்டானாவில் 25 நிமிடம். அம்மா, "எய்யா, நீ கம்ப்யூட்டர்ல ஊருக்கே வழி சொல்லுதியாமே?" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியும். பின்சீட்டில் சிரிப்புச் சத்தம்.

இங்கிருந்து கழுகுமலை, சங்கரன்கோவில், வீரசிகாமணி, சுரண்டை. தென்காசிக்காரர்கள் திருமங்கலம், ராஜபாளையம், கடையநல்லூர் என்று போவார்கள். அங்கே நான்குவழி வேலை நடக்கும் துண்டுகளில் தூசி. எனக்குக் கோவில்பட்டி வழிதான் கை.

18 அக்டோபர்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பதைப் படித்தேன். வெள்ளி மாலை 5.30-க்கே கிளம்பியிருக்கிறார். என் 'முழு மருந்தை' எடுத்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் தாண்ட ஒன்றரை மணி நேரம். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வரிசையாகக் கம்பெனி பஸ்கள், தீபாவளிப் போனஸோடு ஊருக்குப் போகிற கூட்டம்.

தப்பு என்னுடையது. நான் ஓட்டிப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் காலை ஏழு மணி. அந்தச் சாலையில் அத்தனை தொழிற்சாலை இருப்பது தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வெள்ளி மாலைக்குச் சான்றிதழ் கொடுத்தேன். ஷிப்ட் பஸ் என்று எழுதியவரிடம் மன்னிப்பு. அவர் அங்கேயே வேலை பார்க்கிறவராம்.

ஒரே ஆறுதல், வாலாஜாபாத் தாண்டியபின் திண்டிவனம் வரை தடங்கல் இல்லையாம். தாம்பரம் வழியில் வந்த அவர் மைத்துனர் இவருக்கு இரண்டு மணி நேரம் பின்னால் திண்டிவனம் வந்தாராம். அப்பா நலம். மருந்து வேலை செய்தது, கசப்பைத்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

20 அக்டோபர்

மழை. வெடி நமுத்துப் போயிற்று. அம்மா சுட்ட முந்திரிக்கொத்து நமுக்கவில்லை.

23 அக்டோபர்

கிளைச்சாலையில் புகாதே என்று 3ஆம் தேதி பிரசங்கம் செய்தவன் நேற்று என்ன செய்தான் என்று கேளுங்கள்.

திரும்பும் கூட்டத்துக்குப் பயந்து திருச்சி நெடுஞ்சாலையையே மொத்தமாக விட்டுவிட்டேன். சுரண்டை, கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 36: சிவகங்கை, திருப்பத்தூர், திருமயம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, விக்கிரவாண்டி.

காரணம் இருக்கிறது. இந்தச் சாலையில் சோழபுரம்–தஞ்சாவூர் 48 கிலோமீட்டர் நான்குவழி ஏப்ரலில் திறந்தது. சேத்தியாத்தோப்பு–சோழபுரம் 50 கிலோமீட்டர் ஜூலையில். இரண்டையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. (மனைவிக்கு: ஆமாம், இதுதான் உண்மைக் காரணம்.)

சாத்தூரில் காராச்சேவு. திருச்சுழியில் அம்மா, ரமணர் பிறந்த ஊர் என்று கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னாள். நரிக்குடிப் பக்கம் சாலை குறுகல், ஆனால் காலியாக இருந்தது. ஆடுகள்தான் போக்குவரத்து. மானாமதுரை முதல் தஞ்சாவூர் வரை இருவழிதான், லாரி பின்னால் மாட்டினால் மாட்டியதுதான், இருந்தாலும் சாலை சுத்தம். திருமயம் கோட்டை மழையில் கறுத்து நின்றது.

தஞ்சாவூர் புறவழியில் ஏறியதும் நிலைமை வேறு. கும்பகோணத்துக்குள் போகவே வேண்டாம். முன்பெல்லாம் அணைக்கரைப் பழைய பாலத்தில் ஒரு பக்கம் நிறுத்தி ஒரு பக்கம் விடுவார்கள், கரையில் அரை மணி நிற்போம். இப்போது கொள்ளிடத்தின் மேல் புதுப்பாலம் ஒரு கிலோமீட்டர், ஒரே நிமிடம்.

ஆனால் புதுச்சாலையின் இடது வரிசை பல இடங்களில் நம்முடையது அல்ல, நெல்லுடையது. குறுவை அறுவடை. கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காத நெல் தார்ச்சாலை ஓரத்தில் குவியலாக, மேலே தார்ப்பாய், தார்ப்பாய் மேல் செங்கல். மழை விட்ட பத்து நிமிடத்தில் ஒரு பெரியவர் பாயை விலக்கிக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். அதற்குமேல் ஹாரன் அடிக்க மனம் வருமா. 40-இல் ஓட்டினேன்.

சேத்தியாத்தோப்பிலிருந்து சென்னைக்குப் போகிற வீராணம் குழாய் வடலூர், பண்ருட்டிப் பக்கம் கூடவே வந்தது. அம்மா கேட்டாள், "இந்தத் தண்ணியும் நம்ம மாதிரி சுத்தித்தான் மெட்ராஸுக்குப் போவுதா?" விக்கிரவாண்டி வரை நான்குவழி வேலை முடியாத துண்டுகள் பல. இருட்டில் டைவர்ஷன் பலகைகளைத் தேடித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, உத்திரமேரூர், வாலாஜாபாத். ஒரகடம் இரவு 11.20, காலி. வீடு 12.15. மொத்தம் 16 மணி நேரம். 671 கிலோமீட்டர்.

23 அக்டோபர், இரவு

16 மணி நேரம் என்றதும் சிரிப்புப் படங்களாக வந்து குவிகின்றன. சரி, கோயில், சாப்பாடு, காராச்சேவு, நெல் பார்த்தது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஓடிய நேரம் பன்னிரண்டரை.

25 அக்டோபர்

நெடுஞ்சாலையில் அதே புதன்கிழமை வந்த என் தம்பி 13 மணி நேரத்தில் வீட்டில் இருந்தான். அதில் விக்கிரவாண்டிக்கும் பரனூருக்கும் நடுவில் மட்டும் நாலரை. கணக்குப்படி அவன் ஜெயித்தான். ஆனால் மறுநாள் லீவு போட்டுப் படுத்தது அவன். நான் வேலைக்குப் போனேன். இதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. நோட்டில் நேரத்துக்கு மட்டும்தான் கோடு போட்டிருக்கிறேன்.

9ஆம் தேதி 'வழியை விடுங்கள், நேரம்தான்' என்று எழுதியதை முழுசாகத் திரும்பப் பெறவில்லை. போகும்போது அது சரி, அதிகாலையில் கிளம்ப நம்மால் முடியும். வரும்போது, எப்போது கிளம்பினாலும் எல்லோரும் சென்னை வாயில் ஒரே நேரத்தில்தான் சேர்கிறோம். அப்போது திண்டிவனத்தில் பிரிவது ஒன்றுதான் கையில் இருக்கிற சீட்டு. அதையும் இரவு பத்துக்கு மேல் எடுங்கள். ஒரகடம் ஷிப்ட் பாடம் இனி மறக்காது.

முசிறிக்கு மன்னிப்பு கேட்கிறாயா என்று மனைவி கேட்கிறாள். கேட்க மாட்டேன்.

2 நவம்பர்

பொங்கல் 2026 ஜனவரி 15, வியாழன். கேள்வி கேட்ட தம்பி இப்போதே திட்டம் கேட்கிறார், நல்லது. என் யோசனை: செவ்வாய் இரவு 1.30-க்கு, அதாவது புதன் அதிகாலை, கிளம்புங்கள், தாம்பரம் வழியாகவே. திருச்சியில் விழித்திருந்து திண்டுக்கல் சாலையைப் பிடியுங்கள். பக்கத்தில் உட்காருகிறவரிடம் அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், நான் கொடுக்கவில்லை.

திரும்பி வர 36-ஐ எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம் பாக்கி. புதுக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் நடுவில், வயதானவர்கள் படியேறாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தென்பட்டது, திருப்பத்தூரை நெருங்கும்போது, புதுக்கோட்டை நோக்கிப் போகையில் இடது கைப்பக்கம். அம்மாவின் முட்டிக்கு அது ஒன்று போதவில்லை. சிவகங்கை, திருமயம் பக்கத்துக்காரர்கள் வேறு தெரிந்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். நோட்டில் புதுக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.